துர்க்மெனிஸ்தானில் நான்கு இரவு: ஆற்றிலிருந்து ஆற்றுக்கு ஒரு தரைவழிப் பயணம் – நிகழ்வு ஆய்வு

உஸ்பெகிஸ்தானின் கிவாவில் கிளம்பி, எல்லை தாண்டி துர்க்மெனிஸ்தானுக்குள் நுழைந்து, கராகும் பாலைவனத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து, தலைநகர் அஷ்காபாத்தைப் பார்த்துவிட்டு, கிழக்கே திரும்பி மெர்வ் வழியாகப் புகாராவில் போய் முடிகிற நான்கு இரவுப் பயணம். இந்த நாட்டுக்குச் சுற்றுலா நடத்துகிற நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பது இதுதான். எங்கள் சிறு குழுவும் இதே வழியில்தான் போனது. அந்தத் திட்டத்தில் எது சரியாக வந்தது, எங்கே நேரம் கரைந்தது, அடுத்துப் போகிறவர்கள் எதை மாற்ற வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த எழுத்து.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டம் போடுகிறவர்கள் கராகும் நடுவே இருக்கிற தர்வாசாவின் எரியும் வாயுப் பள்ளத்தை நடுவில் வைத்து, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்குகிறார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கதை வேறு. பயணம் தொடங்குவது அமு தாரியாவின் கழிமுகத்தில், முடிவதும் அதே ஆற்றின் இன்னொரு கரையில். நடுவில் வரும் அஷ்காபாத் கால்வாய்த் தண்ணீரில் வாழ்கிற ஊர், மெர்வ் முர்காப் ஆறு பெற்ற ஊர். நாட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு பாலைவனம் என்றால், மனிதர் வாழ்ந்த வரலாறு முழுக்க மிச்சமிருக்கும் ஈரத்தில்தான் நடந்திருக்கிறது. அந்த ஈரத்தில் எழுந்த இரண்டு மாநகரங்களுக்கு, கோனே ஊர்கெஞ்சுக்கும் மெர்வுக்கும், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு பள்ளத்துக்கு ஒரு மாலை, ஓர் இரவு, ஒரு காலை என்று கொடுப்பது எனக்கு ஏற்பில்லை.

தாள்கள்

வழக்கமான சுற்றுலா விசாவில் இந்த நாட்டுக்குள் தனியாகச் சுற்ற முடியாது. உரிமம் பெற்ற உள்ளூர் நிறுவனம் ஒன்று உங்கள் பெயரில் குடிவரவுத் துறைக்கு விண்ணப்பித்து அழைப்புக் கடிதம் வாங்கித் தர வேண்டும், அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் எல்லையிலோ தூதரகத்திலோ விசா. தங்குமிடம், வழி, நாள் எல்லாம் முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டவை. வழிகாட்டி கூடவே இருப்பார். அஷ்காபாத்தில் மட்டும் மாலையில் தனியாக நடந்து வரலாம், அதுவும் இரவு பதினொன்றுக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போக விரும்புகிறவர்கள் சில நாள் செல்லும் கடப்பு விசாவை முயல்வார்கள், அது மறுக்கப்படுவதும் சாதாரணம்.

கடிதம் மறுக்கப்பட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள். ஆகவே விமானச் சீட்டை, திரும்பக் கிடைக்காத அறைக் கட்டணத்தை எல்லாம் கடிதம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பல வாரம் முன்னதாக வேலையைத் தொடங்குவது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதிகம் தவறவிடுகிற இடம் துர்க்மெனிஸ்தான் விசாவில் இல்லை, உஸ்பெகிஸ்தான் விசாவில். கிவாவிலிருந்து வெளியேறி புகாராவுக்குத் திரும்புவது என்றால் இரண்டாவது முறை நுழைகிறீர்கள், ஒற்றை நுழைவு மின் விசா போதாது. இரு முறை நுழைவு என்று பார்த்துப் போட வேண்டும்.

பணம் டாலர் தாளாகவே வேண்டும், கசங்காத, கிறுக்கல் இல்லாத தாள். எல்லையில் நுழைவுக் கட்டணங்கள் டாலரில், பெரிய விடுதிகளும் அப்படியே. அட்டைகளை நம்பிப் போகாதீர்கள். அரசு விகிதம் 2015 முதல் டாலருக்கு 3.5 மனாத் என்றே நிற்கிறது, வெளியே விகிதம் அதைப் போலப் பல மடங்கு, ஆகவே எந்தச் செலவு எந்தக் கணக்கில் என்று வழிகாட்டியிடம் முதல் நாளே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இணையம் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், பதில் வராவிட்டால் பதற வேண்டாம் என்று.

முதல் நாள் எப்படிப் போனது

கிவாவிலிருந்து ஷாவாத் எல்லை பக்கம்தான், தாண்டினால் தஷோகுஸ் நகரம். பக்கம் என்பதால் சுலபம் என்று தோன்றும். உஸ்பெக் பக்கம் சோதனை, நடுவில் ஆளில்லா நிலம், துர்க்மென் பக்கம் விசா, கட்டணம், பை முழுக்கப் பிரித்துப் பார்த்தல், மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டல் (தூக்க மாத்திரை, கோடின் கலந்த வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், தவிர்க்க முடியாத மருந்துக்கு மருத்துவர் சீட்டு வேண்டும்), இதற்கு நடுவில் மதிய இடைவேளை. எங்களுக்கு முன்னால் சரக்கோடு வந்த உள்ளூர்ப் பெண்களின் வரிசை, பிறகு இடைவேளை, அப்புறம் விசா எழுதுகிறவர் வரும் வரை காத்திருப்பு. வெளியே வந்தபோது நாளில் பாதி போய்விட்டது. அங்கிருந்து கோனே ஊர்கெஞ்ச் மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்த உடனேயே ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார், இருட்டுவதற்குள் பள்ளத்துக்குப் போக வேண்டுமே.

இந்த நாளின் பிழை ஓட்டுநருடையது இல்லை, அதிகாரிகளுடையதும் இல்லை. எல்லையைத் தேர்ந்ததிலேயே பிழை. வடக்கே உஸ்பெகிஸ்தானின் நுகுஸ் நகரிலிருந்து கோஜெய்லி எல்லை வழியாக வந்தால், தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே கோனே ஊர்கெஞ்ச். தஷோகுஸ் வழியில் போகிற அந்த நீண்ட ஓட்டம் முழுக்க மிச்சம். நுகுஸில் முந்தைய இரவு தங்கினால் சவீத்ஸ்கி அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம், சோவியத் காலத்தில் ஒதுக்கப்பட்ட ஓவியர்களின் படைப்புகளைத் தலைநகரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் சேர்த்துக் காப்பாற்றிய இடம் அது. எல்லை எந்த நாளில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த வழியைப் பிடியுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால் கோனே ஊர்கெஞ்ச் அப்படிப்பட்ட ஊர். இந்தப் பகுதியை ஆண்ட குவாரசம் ஷாக்களின் தலைநகர். 1221-இல் மங்கோலியர் பல மாதம் முற்றுகையிட்டு, தெருத் தெருவாகச் சண்டையிட்டுப் பிடித்தார்கள், கடைசியில் ஆற்றின் அணையை உடைத்து ஊரையே நீரில் மூழ்கடித்தார்கள் என்பது வரலாறு. ஆனாலும் ஊர் எழுந்தது. 1330-களில் வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா இங்கே கடைத்தெருவில் கூட்ட நெரிசலில் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் மாட்டிக்கொண்டதை எழுதியிருக்கிறார். பிறகு தைமூர் 1388-இல் மறுபடி அழித்தார். அதன் பிறகும் கொஞ்ச காலம் ஆட்கள் இருந்தார்கள், இறுதியாக அமு தாரியா தடம் மாறியபோதுதான் ஊர் தன் உயிரை விட்டது. இரண்டு படையெடுப்பையும் தாங்கிய ஊர் ஆறு போனதைத் தாங்கவில்லை.

இன்று நிற்பவை கொஞ்சம். சுமார் 60 மீட்டர் உயரத்தில், இலேசாகச் சாய்ந்து நிற்கிற குத்லுக் தைமூர் மினாரட். கூம்புக் கூரையுடைய தெகேஷ் கல்லறை. எல்லாவற்றுக்கும் மேலாக துராபெக் கானும் மண்டபம். அதன் உள்கூரையில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய ஓட்டுச் சித்திரத்தில் 365 கூறுகள் ஆண்டின் நாட்களுக்கு, கீழே 24 சிறு வளைவுகள் மணிகளுக்கு, அதற்கும் கீழே 12 மாதங்களுக்கு, 4 சாளரங்கள் வாரங்களுக்கு என்று வழிகாட்டி எண்ணிக் காட்டுவார். கழுத்து வலிக்கும் வரை பார்த்தாலும் போதவில்லை. பக்கத்தில் கிர்க் மொல்லா என்ற மேடு, குழந்தை வேண்டி உள்ளூர்ப் பெண்கள் அதன் சரிவில் உருண்டு இறங்குவார்கள். பாட்டி, மருமகள், அத்தை என்று குடும்பமாகவே வந்திருப்பார்கள், பார்க்கிற நாம் படம் எடுக்காமல் விலகி நிற்பது மரியாதை. 2005 முதல் உலக மரபுச் சின்னம். இந்த இடத்துக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும், எங்களுக்கு அதில் பாதியும் கிடைக்கவில்லை.

சாலை, பிறகு பள்ளம்

கோனே ஊர்கெஞ்சிலிருந்து தெற்கே இறங்குகிற சாலையைப் பற்றி எந்தச் சிற்றேடும் உண்மையைச் சொல்வதில்லை. தார் இருக்கிறது, ஆனால் குழிகளுக்கு நடுவில் இருக்கிறது. பல இடத்தில் ஓட்டுநர்கள் சாலையை விட்டு இறங்கி மணலில் ஓட்டுவார்கள், அதுதான் மெத்தென்று இருக்கும். சக்சவுல் புதர், ஒட்டகம், மறுபடி சக்சவுல். நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம், பணம் மிச்சம் என்று சாதாரணக் காரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதுகு வலி உள்ளவர்கள் நடு இருக்கையை வாங்கி உட்காருவது நல்லது. கோடையில் வெயில் 45 பாகைக்கு மேல், குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே, ஆகவே ஏப்ரல் – மே அல்லது செப்டம்பர் – அக்டோபர்தான் காலம்.

தர்வாசா பள்ளம் சுமார் 60, 70 மீட்டர் அகலம். 1971-இல் சோவியத் துளையிடும் கருவி நின்ற தரை இடிந்து விழுந்தது, வாயு பரவாமல் இருக்கத் தீ வைத்தார்கள், சில நாளில் அணையும் என்று நினைத்தது அணையவே இல்லை என்பது எல்லோரும் சொல்லும் கதை. ஆவணம் எதுவும் வெளியே இல்லை. தரை இடிந்தது 1960-களில், தீ வைத்தது 1980-களில் என்று சொல்கிற உள்ளூர் நிலவியலாளர்களும் உண்டு. 2013-இல் ஜார்ஜ் கோரூனிஸ் என்ற கனடாக்காரர் வெப்பம் தாங்கும் உடையில் அடிவரை இறங்கி மண் எடுத்து வந்தார், அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் இருந்தன. எனக்கு இந்தப் பள்ளத்தில் மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2022 ஜனவரியில் அப்போதைய அதிபர் குர்பங்குலி பெர்திமுகமதோவ் இந்தத் தீயை அணைக்க வழி பார்க்கச் சொன்னார். சுற்றிலும் கிணறு தோண்டி வாயுவை எடுக்கத் தொடங்கிய பிறகு, தீ மூன்று மடங்கு குறைந்துவிட்டது என்று 2025-இல் அரசுத் தரப்பிலேயே அறிவித்தார்கள். வீணாகிற வாயு, காற்றில் கலக்கும் மீத்தேன், இரண்டையும் பார்த்தால் அணைப்பது நியாயம்தான். பழைய படங்களில் இருக்கிற அனல் கடலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு மட்டும் இது ஏமாற்றமாக இருக்கும். இரவில் ஓரத்தில் நின்றால் இன்னும் முகத்தில் சூடு அடிக்கும், காற்று திரும்பினால் வாடை வரும், பார்க்க அழகுதான். ஆனால் இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் போதும். நமக்கு அங்கே உண்மையான பரிசு இரவு தங்குவது: யர்ட் கூடாரம், கரியில் சுட்ட இறைச்சி, தந்தூர் அடுப்பில் சுட்ட ரொட்டி, பச்சைத் தேநீர், தலைக்கு மேல் ஊர் வெளிச்சம் கலக்காத வானம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ரொட்டி, தக்காளி, வெள்ளரி, முட்டை, தயிர் என்று சுருங்கிவிடும், கையில் கொஞ்சம் ஊறுகாயும் அவலும் கொண்டு போங்கள்.

தர்வாசா என்ற பெயரில் ஒரு கிராமமே இருந்தது. 2004-இல் அன்றைய அதிபர் நியாசோவ் உத்தரவில் அதைக் கலைத்துவிட்டார்கள், அங்கே வாழ்ந்தவர்கள் இடம் மாற வேண்டியிருந்தது. சுற்றுலாப் பேச்சில் தீ மட்டும் வரும், அந்த மக்கள் வருவதில்லை. தெற்கே போகிற வழியில் எர்பென்ட் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மணல் மேடு வீட்டு வாசல் வரை வந்து நிற்கிற ஊர், பாலைவன வாழ்க்கை என்ன என்று அங்கே அரை மணி நேரத்தில் புரியும்.

அஷ்காபாத்

பள்ளத்திலிருந்து சுமார் 260 கிலோமீட்டர். நகருக்குள் நுழைவதற்கு முன் வண்டியைக் கழுவுவார்கள், அழுக்கு வண்டிக்கு அபராதம்.

1948 அக்டோபர் 6-ஆம் தேதி இரவு 7.3 அளவிலான நிலநடுக்கம் இந்த நகரைத் தரைமட்டமாக்கியது. பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்தைத் தாண்டும் என்ற கணக்கும் உண்டு. நியாசோவ் தன் தாயையும் சகோதரர்களையும் இழந்தது அந்த இரவில்தான். பழைய கட்டடம் என்று இந்த நகரில் ஏன் எதுவும் இல்லை என்பதற்கு விடை அது. இன்று தெரிகிற வெள்ளைப் பளிங்கு நகரம் சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணெய், எரிவாயுப் பணத்தில் எழுந்தது. 543 கட்டடங்களில் 45 லட்சம் சதுர மீட்டருக்கு மேல் வெள்ளைப் பளிங்கு என்று 2013-இல் கின்னஸ் பதிவு. 1995 டிசம்பர் 12-இல் ஐ.நா. ஏற்ற நிரந்தர நடுநிலைமைக்கு ஒரு வளைவே கட்டியிருக்கிறார்கள்.

அகலமான தெருக்களில் ஆள் குறைவு, நீரூற்றுகள் அதிகம். இவ்வளவு நீர் எங்கிருந்து? 1954-இல் வெட்டத் தொடங்கிய கராகும் கால்வாய், அமு தாரியாவிலிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மணலில் ஓடி வருகிறது. கரையில் பூச்சு இல்லாமல் வெட்டியதால் மண்ணுக்குள் இறங்கிப் போகிற நீர் ஏராளம். ஏரல் கடல் வற்றியதில் பெரும் பங்கு இப்படிப் பருத்திக்காகத் திருப்பிய தண்ணீருக்கு உண்டு. அஷ்காபாத்தின் நீரூற்றைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வழிகாட்டிகள் அந்தக் கால்வாயையும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. கேட்டால் காட்டுவார்கள், திட்டத்தில் இருக்காது.

அரசுக் கட்டடம், அதிபர் மாளிகை, காவலர் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் வழிகாட்டி. அவர் சில கேள்விகளுக்குப் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். திருமணம், சம்பளம், குதிரை, கம்பளம், அலபாய் நாய் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள். நகருக்கு வெளியே நிசா, பழைய ஈரானிய அரச மரபான பார்த்தியரின் கோட்டை, ஒரு காலை போதும். கம்பளம் வாங்கினால் ஏற்றுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டாது.

மெர்வ்

அஷ்காபாத்திலிருந்து மாரி நகருக்கு சுமார் 350 கிலோமீட்டர். புதிய கட்டண நெடுஞ்சாலையில் தெஜென் வரை 2021-இல், மாரி வரை 2024-இல் திறந்துவிட்டார்கள், வடக்குச் சாலையில் வந்த உடம்புக்கு இது வேறு நாடு போலிருக்கும். பழைய பயணக் குறிப்புகளில் இந்தத் துண்டுக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கியிருப்பார்கள், இன்று அரை நாள் மிச்சம். ஆனால் நிறுவனங்கள் அந்த மிச்சத்தை இன்னும் மெர்வுக்குக் கொடுக்கவில்லை, அஷ்காபாத்தில் இன்னொரு நினைவுச் சின்னத்துக்குக் கொடுக்கின்றன. இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததில் இதுவும் ஒன்று.

மெர்வ் ஒரே நகரம் இல்லை. ஆறு கிளை மாற மாற, ஆட்சி மாற மாற, பழைய ஊரின் மேலே கட்டாமல் பக்கத்தில் புதிய மதில் எழுப்பினார்கள். ஆகவே பழைய பாரசீகரான அகாமனீதர் காலத்து எர்க் கலா (கலா என்றால் கோட்டை), அதைச் சுற்றி அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்க மரபான செலூக்கியர் விரித்த கௌர் கலா, அதற்கு மேற்கே துருக்கிய மரபான செல்ஜூக்கியரின் சுல்தான் கலா, தெற்கே தைமூர் வம்சத்தின் ஊர் என்று இரண்டாயிரம் ஆண்டு வரிசையாகப் பரந்து கிடக்கிறது. கௌர் கலாவின் மூலையில் ஒரு புத்த ஸ்தூபியின் மேடு இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன ஒரு சமயம் இவ்வளவு மேற்கே கால் ஊன்றியிருந்தது என்பதை அந்த மண்மேட்டின் மேல் நின்றுதான் உணர முடிந்தது.

12-ஆம் நூற்றாண்டில் உலகின் பெரிய நகரங்களில் ஒன்று. யாகூத் அல்-ஹமவி என்ற புவியியலாளர் இங்கே பத்து நூலகங்கள் இருந்ததாக எழுதுகிறார், பணயம் இல்லாமலேயே இருநூறு நூல் வரை வீட்டுக்கு எடுத்துப் போக விட்டார்களாம். அவர் கிளம்பிய கொஞ்ச நாளில், கோனே ஊர்கெஞ்ச் விழுந்த அதே 1221-இல், செங்கிஸ்கானின் மகன் தோலுய் வந்தார். சரணடைந்த மக்களை வெளியே வரச் சொல்லிக் கொன்றார்கள். 13 லட்சம் பேர் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதியது மிகை என்பார்கள், ஆனாலும் ஊர் முடிந்துபோனது உண்மை. முர்காபின் அணையையும் உடைத்தார்கள். சுவரை மறுபடி கட்டலாம், அணை உடைந்த வயலில் யார் வாழ்வது?

நடுவில் தனியாக நிற்கிறது சுல்தான் சஞ்சாரின் கல்லறை. 1157-இல் இறந்த சுல்தானுக்குக் கட்டியது, சுமார் 38 மீட்டர் உயரம், ஒரு காலத்தில் நீல ஓடு வேய்ந்த அதன் கும்மட்டம் ஒரு நாள் பயணத் தொலைவிலிருந்தே தெரியும் என்று யாகூத்தே சொல்கிறார். மதிற்சுவர் ஓரமாகப் போனால் பெரிய கிஸ் கலா, மண் சுவரில் நெடுக நெளிநெளியாகத் தூண்கள். எர்க் கலா மதிலின் மேல் ஏறி நின்றால் நான்கு ஊர்களும் ஒரே பார்வையில் விழும். இவற்றுக்கு நடுவில் கிலோமீட்டர் கணக்கில் தூரம், வண்டியில் போய் இறங்கி ஏறினாலும் ஆறு மணி நேரம் ஆகும். மதிய வெயிலில் மண் சுவரின் உருவமே தெரியாது, காலையும் மாலையும்தான் நேரம். 1999 முதல் உலக மரபுச் சின்னம், ஆனாலும் நாங்கள் சுற்றிய நேரத்தில் கண்ணில் பட்டவர்கள் பெரும்பாலும் கல்லறைக்கு வேண்டுதலோடு வந்த உள்ளூர்க் குடும்பங்கள்தான்.

மாற்றிய திட்டம்

முந்தைய இரவு நுகுஸில். முதல் நாள் எல்லை திறக்கும்போதே கோஜெய்லியில் நில்லுங்கள், முற்பகல் முழுக்க கோனே ஊர்கெஞ்ச், பிற்பகல் சாலை, இருட்டுக்குப் பள்ளம். இரண்டாம் நாள் எர்பென்ட், மதியம் அஷ்காபாத், மாலையில் நகரம். மூன்றாம் நாள் காலை நிசா, உடனே நெடுஞ்சாலை, வெயில் சாயும்போது மெர்வில் முதல் சுற்று, மாரியில் இரவு. நான்காம் நாள் விடியலிலிருந்து மறுபடி மெர்வ், மதியத்துக்கு மேல் துர்க்மெனாபாத்துக்கு சுமார் 250 கிலோமீட்டர், அங்கே கடைசி இரவு. அன்றே எல்லை தாண்டப் பார்க்காதீர்கள், பயண நிறுவனம் அப்படித்தான் போட்டுத் தரும், மெர்வை அரை நாளாகச் சுருக்குவது அந்த அவசரம்தான்.

ஐந்தாம் நாள் காலை ஃபராப் எல்லை. நகரை விட்டதும் அமு தாரியா மேல் 2017-இல் திறந்த பாலம். முன்பு மிதவைப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்து போன இடம். பாலத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள், கண்ணாடியை இறக்கி ஆற்றைப் பாருங்கள். ஆற்றின் மேல்பக்கத்தில் ஆப்கானிஸ்தான் 2022 முதல் கோஷ் தேபா கால்வாயை வெட்டிக்கொண்டிருக்கிறது, 285 கிலோமீட்டர் நீளம், அது முடிந்தால் இந்த ஆற்றிலிருந்துதான் அந்தத் தண்ணீரும் போகும். பிறகு எல்லைச் சாவடி, இரண்டு சாவடிக்கும் இடையில் ஓடுகிற சிறு வண்டிக்குக் கையில் ஒரு டாலர் தாள், மறுபக்கம் ஆலாத்திலிருந்து புகாராவுக்கு டாக்சி. காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாடு புகாராவில் கிடைக்கும்.